நான்கே மாதத்தில் கைவிட்ட ஃபிரிட்ஜ்: கடை பிராண்டைக் காட்டுகிறது, பிராண்டு சாட்பாட்டைக் காட்டுகிறது

கயல்_சுவாசூகாங்

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு பெரிய மின்சாதனக் கடையில் ஃபிரிட்ஜ் வாங்கினோம். இரண்டு கதவு, இன்வர்ட்டர் வகை, 1,300 வெள்ளிக்குப் பக்கம். ஜூலை பிறந்ததும் கீழ்த்தட்டு குளிரவில்லை. மேலே ஃபிரீசரில் ஐஸ் கல்லாகத்தான் இருக்கிறது. கீழே வைத்த தோசைமாவு விடிவதற்குள் பொங்கி, தட்டெல்லாம் வழிந்து கிடந்தது.

கடைக்குப் போனால், "14 நாள் தாண்டிவிட்டது, இனிமேல் பிராண்டின் சேவை நிலையம்தான் பார்க்கும்" என்று ஓர் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணில் ஆங்கிலத்துக்கு 1, சீனத்துக்கு 2. அப்புறம் பொருளுக்கு ஓர் எண், பிரச்சினைக்கு ஓர் எண். கடைசியில் "அதிகாரிகள் அனைவரும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் தொடர்புகொள்ளுங்கள்" என்று சொல்லி அழைப்பை வெட்டிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது சாட்பாட்.

ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். உள்ளே பின்பக்கப் பலகையைக் கழற்றி ஏதோ செய்தார், குளிர்ந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் சாட்பாட்டிடம் போனால், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது" என்கிறது. புதிதாகப் பதிந்தால் அடுத்த வருகைக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவருடைய இன்சுலின் பேனாக்களைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் கதவு பூட்டியிருக்கும். இதில் யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. கடையையா, பிராண்டையா? பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

ஈசூன்வாசி

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் இதே கதைதான் நடந்தது. வயிறு எரிகிறது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.

பீஷான்_அண்ணன்

கயல், கடையைப் பிடியுங்கள். இந்த ஊரில் பலருக்கும் இது தெரிவதில்லை, கடைக்காரர்களும் சொல்வதில்லை.

பணத்தை வாங்கியவர் கடைக்காரர். உங்கள் ஒப்பந்தம் அவரோடுதான். பிராண்டு தரும் வாரண்டி என்பது அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு. அதைக் காட்டிக் கடை தன் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

2012 செப்டம்பர் 1 முதல் இங்கே லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம், நடப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்திற்குள் வருவது அது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்திற்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்களுடையது நான்காம் மாதம்தானே, நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள்.

முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள் கேட்கலாம். அதை நியாயமான காலத்திற்குள், உங்களுக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் செய்து தர வேண்டும். செய்யத் தவறினால் அடுத்த கட்டம்: பொருளை வைத்துக்கொண்டு விலைக்குறைப்பு கேட்கலாம், இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்கலாம். இவ்வளவு நாள் பயன்படுத்தியதற்கு ஒரு தொகையைக் கழிக்க இடமுண்டு, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதுகூட வாங்காமல் "14 நாள்" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அது கடை தானாகவே வைத்துக்கொண்ட மாற்றித்தரும் கொள்கை. பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்று திருப்பித் தருபவர்களுக்கானது. பழுதான பொருளுக்கு அதைச் சொல்லக் கூடாது. வேலைக்குப் போகும் ஒரு பெண் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைவாசலில் நிற்கும்போது இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவது எனக்குச் சகிக்கவில்லை.

கயல்_சுவாசூகாங்

நன்றி அண்ணே. இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கடையில் இன்னொன்றும் சொன்னார்கள். கதவிலேயே "10 ஆண்டு வாரண்டி" என்று ஒட்டியிருக்கிறதே, பிறகு ஏன் கவலைப்படுகிறீர்கள் என்று கேட்டார் விற்பனையாளர்.

ஸ்பேனர்_தாத்தா

அம்மா, அந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் படித்துப் பாருங்கள். "10" என்பது பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே கம்ப்ரெசர் என்று பொடி எழுத்தில் இருக்கும். கம்ப்ரெசர் என்ற உதிரிபாகத்துக்கு மட்டும்தான் அந்த 10 ஆண்டு. பெரும்பாலான பிராண்டுகளில் கூலி, குளிரூட்டும் கேஸ், போக்குவரத்துக் கட்டணம் எல்லாம் முதல் ஆண்டோடு சரி. ஆறாம் ஆண்டில் கம்ப்ரெசர் போனால் அதை மட்டும் இலவசமாகத் தருவார்கள், மாட்டித் தரும் செலவு உங்கள் தலையில்.

உங்கள் ஃபிரிட்ஜில் கம்ப்ரெசர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேலே ஐஸ் கட்டுகிறதென்றால் அது ஓடுகிறது. மேலே குளிர்ந்து கீழே சூடானால் நாங்கள் முதலில் பார்ப்பது டீஃப்ராஸ்ட். இந்த வகைப் பெட்டிகளில் குளிர் உண்டாவது ஃபிரீசருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுருளில். ஒரு சிறிய விசிறி அந்தக் காற்றைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளும். சுருளில் உறைபனி படியாமல் இருக்க ஒரு ஹீட்டர் அவ்வப்போது அதை உருக்கிவிடும். ஹீட்டரோ அதன் சென்சரோ போய்விட்டால் பனி ஏறி ஏறி, சுருள் முழுதும் வெள்ளைச் சுவராகிவிடும். காற்று போக வழியில்லை. கீழே சூடாகாமல் என்ன செய்யும்?

வந்த ஆள் அநேகமாகப் பனியை வெந்நீராலோ ஆவியாலோ உருக்கிவிட்டுப் போயிருப்பார். பனி போனதும் காற்று ஓடும், குளிரும். மூலக்காரணத்தைத் தொடவில்லை என்பதால் சில நாளில் திரும்பப் பனி ஏறும். நீங்கள் சொல்லும் ஒரு வாரக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன வேலைத்தாளைத் தேடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினார் என்ற கட்டம் அதில் இருக்கும். அது காலியாக இருந்தால் அவர் எதையும் பழுதுபார்க்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள், பாகம் கையில் இல்லாமல் அனுப்புகிறார்கள். நானும் அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. என் மனைவியும் போடுகிறாள். திறக்காத பேனாக்கள்தான் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே வெளியே வைத்துச் சில வாரங்கள் பயன்படுத்தலாம் என்றார் மருந்தாளர். மருந்துக்கு மருந்து மாறும், உங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் அப்பா பதற வேண்டாம்.

கயல்_சுவாசூகாங்

ஐயா, வேலைத்தாள் கிடைத்துவிட்டது. மாற்றிய பாகங்கள் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். "சோதிக்கப்பட்டது, சரி" என்று கீழே எழுதியிருக்கிறார்.

ஹெட்செட்_மீனா

நான் இந்த மாதிரிச் சேவை அழைப்புகளை எடுக்கும் வேலையில்தான் இருக்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். புகார் ஏன் தானாக மூடிக்கொள்கிறது என்று சொல்கிறேன்.

டெக்னீஷியன் தன் செயலியில் "முடிந்தது" என்று தட்டியதும் எங்கள் திரையில் அந்தப் புகார் மூடப்பட்டதாக மாறிவிடும். வாடிக்கையாளரிடம் யாரும் கேட்பதில்லை. மூடியதைத் திறக்க மேற்பார்வையாளரின் ஒப்புதல் வேண்டும், திறந்தால் அது அந்தக் குழுவின் மாதக் கணக்கில் குறையாக ஏறும். அதனால் யாரும் திறக்க விரும்புவதில்லை, புதிதாகப் பதியச் சொல்வார்கள். புதிதாகப் பதிந்தால் வரிசையின் கடைசிக்குப் போகிறீர்கள். பழைய வரலாறும் புதிய ஆளின் கண்ணில் படாது.

எங்கள் நிலையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் அழைப்புக்குச் சராசரியாக இத்தனை நிமிடம் என்று கணக்கு. அழுகிற ஒரு பாட்டியிடம் பொறுமையாகப் பேசினால் என் சராசரி கெடுகிறது. பேசி முடிக்காமல் துண்டித்தவருக்கு நல்ல மதிப்பெண். பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் என் கையில் இல்லை, பொருளை மாற்றித் தரும் அதிகாரமும் இல்லை. மன்னிப்புக் கேட்கும் அதிகாரம் மட்டும்தான் தந்திருக்கிறார்கள். அதனால்தான் எங்களைத் திட்டினால் எதுவும் நகர்வதில்லை.

கயல் அக்கா, புதிய புகார் போடாதீர்கள். பழைய புகார் எண்ணைச் சொல்லி, "அதே பழுது திரும்பி வந்திருக்கிறது, இந்தப் புகாரை மீண்டும் திறந்து மேற்பார்வையாளரிடம் ஒப்படையுங்கள்" என்று கேளுங்கள். சாட்பாட்டில் மெனு எண்ணை அழுத்தாமல் "மனிதரிடம் பேச வேண்டும்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பல சாட்பாட்டுகளில் அந்த வழி இருக்கிறது, மெனுவில்தான் காட்டமாட்டார்கள்.

தெம்பனிஸ்_குமார்

இந்தப் பொறுமையெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. கடையில் போய் நாலு பேர் முன்னால் சத்தம் போடுங்கள், காணொளி எடுத்து முகநூலில் போடுங்கள். 2014ல் சிம் லிம் ஸ்கொயர் மின்சாதனக் கடைத்தொகுதியில் ஒரு வியட்நாமியச் சுற்றுப்பயணி மண்டியிட்டுக் கெஞ்சிய காணொளி பரவியதால்தானே அந்தக் கடை மாட்டியது?

பீஷான்_அண்ணன்

குமார், அந்தக் கடைக்காரர் 33 மாதம் சிறைக்குப் போனது ஏமாற்றியதற்காக. விலை பேசிப் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு, வாரண்டிக்கு என்று இன்னும் கறந்தார்கள். அது குற்றவியல் வழக்கு. கயலுக்கு நடப்பது இழுத்தடிப்பு. சத்தம் போட்டால் அன்றைக்கு ஒரு மேலாளர் சமாதானமாகப் பேசுவார், மறுநாள் எழுத்தில் ஒன்றும் இருக்காது. இழுத்தடிப்பை எழுத்தால்தான் முறிக்க முடியும்.

கயல், கடைக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வாங்கிய தேதி, ரசீது எண், பழுது தெரிந்த தேதி, டெக்னீஷியன் வந்த தேதி, பாகம் எதுவும் மாற்றவில்லை என்று காட்டும் வேலைத்தாளின் படம். அப்பாவின் இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். பெரிய தொந்தரவு என்று சட்டம் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. மாற்றுப்பொருள் வேண்டும், இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று முடியுங்கள். கோபத்தைக் காட்ட வேண்டாம், லெமன் சட்டம் என்ற பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

பெடோக்_பேத்தி

மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சரி. எங்கள் பாட்டிக்கு 78 வயது, தனியாக இருக்கிறார், தமிழ் மட்டும்தான் படிப்பார். அவர் என்ன செய்வார்? நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் தனியார் நிறுவனங்களின் தொலைபேசியில் தமிழுக்கு ஓர் எண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல ஆங்கிலம் பேசும் பேத்தி இல்லாத வீட்டுப் பாட்டி பழுதான பொருளோடு அப்படியே வாழ்ந்துவிடுகிறார். "போகட்டும் விடு" என்கிறார். அவர் விடுவதால் கடைக்கு லாபம். இது எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

புங்கோல்_நிரலர்

நான் செயலிகள் எழுதிப் பிழைப்பவன். எல்லாவற்றையும் செயலி மேல் போடுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அம்மா, கைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகு காசோலைக்காக வங்கி வரிசையில் நிற்பதில்லை. அரசாங்க இணையச் சேவைகளில் நுழையும் சிங்பாஸ் கணக்குக்கு முக அடையாளம் வந்த பிறகு கடவுச்சொல் மறந்து அழைப்பதில்லை. நன்றாகச் செய்தால் முதியவர்களுக்கும் உதவும். சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்.

பெடோக்_பேத்தி

நன்றாகச் செய்தால் என்று நீங்களே சொல்கிறீர்கள். பேருந்து, ரயில் கட்டணத்துக்கான சிம்பிளிகோ முறை நினைவிருக்கிறதா? 2024 ஜனவரி 9ஆம் தேதி, ஜூன் மாதத்திலிருந்து வயதுவந்தோரின் பழைய ஈஸிலிங்க் பயண அட்டை செல்லாது, எல்லாரும் சிம்பிளிகோவுக்கு மாறுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மாறிய அட்டையைத் தட்டினால் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று பேருந்திலும் எம்ஆர்டி ரயில் வாயிலிலும் அப்போது காட்டவில்லை. செயலியைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பாட்டிக்கு அந்த இரண்டு எண்கள்தான் வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நிலையங்களில் எவ்வளவு நீள வரிசை! ஜனவரி 22ஆம் தேதியே முடிவை மாற்றிக்கொண்டு, பழைய முறையை நீட்டிக்க இன்னும் 40 மில்லியன் வெள்ளி செலவிட வேண்டியதாயிற்று.

புங்கோல்_நிரலர்

அது சரியான எடுத்துக்காட்டு. அந்த எண்கள் மறைந்தது தொழில்நுட்பக் காரணத்தால்தான். பழைய அட்டையில் மிச்சத் தொகை அட்டைக்குள்ளேயே இருந்தது, வாயிலில் உடனே படிக்கலாம். புதிய முறையில் கணக்கு சர்வரில் இருக்கிறது, கதவு திறக்கும் நொடிக்குள் கேட்டுக் காட்ட நேரமாகும் என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் தட்டும் இடத்தில் தொகையைப் பார்ப்பது எத்தனை பேருக்குப் பழக்கம், எத்தனை பேருக்குப் பாதுகாப்பு என்பதை வடிவமைக்கும்போதே எடைபோட்டிருக்க வேண்டும். என் துறையில் திரையைப் பார்த்து வேலை செய்கிறோம், தேக்கா சந்தையில் காய் வாங்கிக்கொண்டு பேருந்தேறும் ஆளைப் பார்ப்பதில்லை. சாட்பாட்டிலும் இதே குறைதான். கேள்விக்குப் பதில் தெரியாதபோது மனிதரிடம் அனுப்பும் கதவை வைக்க ஒரு நாள் வேலை போதும். செலவு என்று சொல்லி அந்தக் கதவை எடுத்துவிடச் சொல்கிறார்கள். நான் இருந்த கூட்டத்திலேயே சொன்னார்கள், நான் எதிர்த்தேன், நடக்கவில்லை.

ஈசூன்வாசி

இடையில் ஒரு எச்சரிக்கை, எல்லாரும் படியுங்கள். சேவை எண் கிடைக்காத எரிச்சலில் கூகுளில் தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். வங்கிகளின் பெயரில் போலி எண்களைத் தேடல் விளம்பரமாகப் போட்டு ஏமாற்றியதைப் பற்றி காவல்துறை முன்பே எச்சரித்திருக்கிறது. வாரண்டி அட்டையிலோ வங்கி அட்டையின் பின்புறமோ அச்சிட்ட எண்ணை மட்டும் அழையுங்கள். "உங்கள் டெக்னீஷியன் வருகையை உறுதிசெய்யுங்கள்" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வந்தால் தட்ட வேண்டாம். காத்திருக்கும் நேரத்தில் அப்படி ஒன்று வந்தால் யாருக்கும் கை நீளும். சந்தேகம் இருந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

கயல்_சுவாசூகாங்

நல்ல செய்தி. மின்னஞ்சல் அனுப்பினேன். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார், அதே எண்ணைச் சொல்லி அனுப்பிய அந்தக் கடைதான்! வேலைத்தாளைப் பார்த்தாராம். அதே மாடல் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கொண்டுவந்து இறக்க 60 வெள்ளி, பழையதை எடுத்துப்போகத் தனிக்கட்டணம் என்கிறார்கள். கொடுத்துவிட்டு முடித்துவிடலாமா? வீட்டில் எல்லாரும் களைத்துவிட்டோம்.

பீஷான்_அண்ணன்

ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பழுதுபார்ப்பதற்கோ மாற்றுவதற்கோ ஆகும் அவசியச் செலவுகளைக் கடைக்காரரே ஏற்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது, கூலியும் அனுப்பும் செலவும் உட்பட. அந்த வரியை அப்படியே மின்னஞ்சலில் போடுங்கள்.

ஸ்பேனர்_தாத்தா

பழையதை எடுத்துப்போகவும் கட்டணமா? அது அவர்களுக்குத் திரும்பிப் போகும் பொருள். புதிதாக ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்களிடமிருந்தே பழையதை இலவசமாக எடுத்துப்போக வேண்டும் என்பது 2021 ஜூலையிலிருந்து விதி. ஒன்றுக்கு ஒன்று. கட்டணம் கேட்டால் அதைச் சொல்லுங்கள். புதியது வந்ததும் சுவரிலிருந்து கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், இறக்கிய கையோடு பிளக் போட வேண்டாம், சில மணி நேரம் நிற்கட்டும்.

கயல்_சுவாசூகாங்

கட்டணம் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை வருகிறது. அப்பா உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். ஸ்பேனர் ஐயாவைத் தனியாக விசாரித்தார்.

ஈசூன்வாசி

அப்படியானால் என் வாஷிங் மெஷினுக்கு? ஒரு வருடம் முடிந்து இரண்டு மாதம். கடை கையை விரித்துவிட்டது.

பீஷான்_அண்ணன்

6 மாதம் தாண்டிவிட்டால் குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம், உரிமை போய்விடவில்லை. வேறொரு டெக்னீஷியனிடம் காட்டி, எந்தப் பாகம் ஏன் போனது என்று எழுதி வாங்குங்கள். முதலில் கேஸ் (CASE) எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். 1971லிருந்து இருக்கிறார்கள், உங்கள் சார்பில் கடையோடு பேசுவார்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கேயும் நகரவில்லையென்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க இரு தரப்புக்கும் அனுமதியில்லை, அதனால் கடையும் தானே வந்துதான் பேச வேண்டும். சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே பதியலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளி.

கேரோசல் மாதிரி இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கியதாக இருந்தால் லெமன் சட்டம் வராது. கடையில் வாங்கியதுதானே?

ஈசூன்வாசி

கடையில்தான் அண்ணே, ரசீது இருக்கிறது. டிரம் சுற்றும்போது ரயில் போவதுபோல் சத்தம், கீழே கறுப்பாக எண்ணெய்க் கசிவு.

ஸ்பேனர்_தாத்தா

டிரம்மைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போயிருக்கிறது. ஒரு வருடத்தில் அது போகக் கூடாது. சீல் கசிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கும். இனி ஓட்டாதீர்கள், டிரம்மின் அச்சும் தேய்ந்துவிட்டால் பிறகு அது உங்கள் தவறு என்பார்கள். கசிவையும் சத்தத்தையும் காணொளி எடுங்கள், மாடல் எண் தெரிகிற மாதிரி. நாளைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தனிச்செய்தி போடுங்கள், என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.